காரைக்குடி காளை எங்கே போனது?

காரைக்குடி காளை நினைவிருக்கிறதா? 2016-இல் தொடங்கிய டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட்டில் நம் ஊர்ப் பெயரைத் தாங்கி ஆடிய அணி. வர்ணனையில் 'காரைக்குடி' என்று கேட்டாலே நமக்கெல்லாம் ஒரு பூரிப்பு! 2021 முதல் அதே அணி திருப்பூர் தமிழன்ஸ்; 2025-இல் கோப்பையும் வென்றது. நம் மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

அணி ஊர் மாறினாலும் தொடர் அதேதான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அப்படியல்ல. அங்கே ஒளிபரப்பு உரிமையை விற்பவை 'கான்பரன்ஸ்' எனும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள். பெரிய அணி கூட்டமைப்பு மாறினால் ரசிகர்களும் விளம்பரப் பணமும் கூடவே போய்விடும். 2022-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் இரு பல்கலைக்கழகங்கள் விலகுவதாக அறிவித்ததும் 'பேக்-12' கூட்டமைப்பு ஆடிப்போனது. 2023-இல் ஆப்பிள் நிறுவனம் இணையவழி ஒளிபரப்புக்கு முன்வந்தும் மற்றவற்றில் பெரும்பாலானவை நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் அங்கே மிஞ்சியவை, 12-இல் வெறும் 2.