அறியாத எண்ணை அறியும் வழி

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் பலருடைய இல்லங்களில் மாலைதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தை, "பீஜகணிதம்" என்று தலைப்பிட்ட பாடத்தைக் காட்டி, "அப்பா, இந்தக் கணக்கில் எக்ஸ் எவ்வளவு?" என்று கேட்கிறது. இந்தியிலும் மராத்தியிலும் வங்காளத்திலும், ஒலிப்பில் சிறு வேற்றுமையோடு, பீஜகணிதம் என வழங்குவது தமிழில் நாம் இயற்கணிதம் என்று கூறும் கலையேயாகும். பெயர் வேறு, பொருள் ஒன்றே. புத்தகம் எம்மொழியில் இருப்பினும் அதன் உட்பொருளைத் தாய்மொழியில் விளக்கலாம். அதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை.

சமன்பாடு என்பது யாது? சமனாக நிற்கும் துலாக்கோலே அது. ஒரு தட்டில், எடை தெரியாத மூட்டை ஒன்றும் சில படிக்கற்களும் இருக்கின்றன. மறு தட்டில் படிக்கற்கள் மட்டும் இருக்கின்றன. சமநிலை குலையாமல் மூட்டையைத் தனியே நிறுத்திவிட்டால், எதிர்த் தட்டே அதன் எடையைக் கூறிவிடும். ஒரு புறத்தில் செய்ததை மறு புறத்திலும் செய்க என்பதே இக்கலையின் தலையாய விதி.

ஓர் உதாரணம் காண்போம். மும்பையில் கட்டட வேலை செய்யும் ஒருவர் 24 நாள் உழைத்தார் எனக் கொள்வோம். அவர் முன்னரே வாங்கியிருந்த 3,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மேஸ்திரி 13,800 ரூபாயைக் கையில் கொடுத்தார். நாட்கூலி என்ன வீதத்தில் கணக்கிடப்பட்டது? தெரியாத அக்கூலியைக் "கூ" என்னும் எழுத்தால் குறிப்போம்.

24 × கூ − 3,000 = 13,800

இடப்புறத்தில் 3,000 குறைந்து நிற்கிறது. அக்குறையை நிரப்ப இருபுறமும் 3,000 கூட்டுக.

24 × கூ = 16,800

இனி இருபுறத்தையும் 24-ஆல் வகுத்தால், கூ = 700.

பேசிய கூலி நாளொன்றுக்கு 750 ரூபாய் என்றால், முன்பணம் போக அவருக்கு வரவேண்டியது 15,000 ரூபாய். ஆகவே 1,200 ரூபாய் குறைகிறது. "ஏதோ குறைகிறதே" என்று தயங்கி நிற்பதற்கும், "நாளுக்கு 50 ரூபாய் வீதம் 24 நாளுக்கு 1,200 ரூபாய் குறைகிறது" என்று எடுத்துரைப்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

"மறுபுறம் சென்றால் குறி மாறும்" என்று பள்ளிகளில் கூறுவதுண்டு. காரணம் அறியாது மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு இது மந்திரம் போலத் தோன்றும். உண்மையில் எந்த எண்ணும் எங்கும் செல்வதில்லை. இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டினோம், அவ்வளவே. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, குறைந்து நிற்பதை இவ்வாறு நிரப்பும் செய்கையை அல்-ஜபர் என்றழைத்தார். ஆங்கிலத்தில் வழங்கும் அல்ஜீப்ரா என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது.

நம் நாட்டிலும் இக்கலை தழைத்தோங்கியது. பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கணக்குகளுக்கு விதி வகுத்தார். 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் பீஜகணிதம் என்ற பெயரிலேயே ஒரு நூல் இயற்றினார். தெரியாத எண்ணை அவர் "யாவத்-தாவத்" என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய "யா" என்பதால் குறித்தார். தெரியாத எண்கள் பலவாயின், கருமை, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயர்களைச் சூட்டினார்.

அவர் தரும் கணக்கு ஒன்று வருமாறு: ஒருவரிடம் 6 குதிரைகளும் 300 பணமும் உள்ளன, மற்றவரிடம் 10 குதிரைகளும் 100 பணம் கடனும் உள்ளன. குதிரைகள் யாவும் ஒரே விலையின. இருவர் செல்வமும் சமம். குதிரையின் விலை என்ன?

6 × யா + 300 = 10 × யா − 100

இருபுறமும் 6 குதிரைகளை நீக்குக; 300 = 4 × யா − 100. இருபுறமும் 100 கூட்டுக; 400 = 4 × யா. ஆகவே ஒரு குதிரையின் விலை 100 பணம்.

இவ்விடை சரிதானா? முதல்வர் செல்வம் 600-உம் 300-உம் சேர்ந்து 900. மற்றவர் செல்வம் 1,000-இல் 100 போக 900. இரண்டும் ஒத்து நிற்கின்றன.

பெற்றோர் மனங்கொள்ள வேண்டியது இதுவே. தெரியாததற்கு ஒரு பெயர் இடுக. செய்தியைச் சமன்பாடாக எழுதுக. இருபுறமும் ஒன்றே செய்க. கிடைத்த விடையை முதற் சமன்பாட்டிலேயே இட்டுப் பார்க்க. இறுதிப் படியைக் குழந்தை ஒருபோதும் விட்டுவிடலாகாது. பாடநூலின் மொழி நமக்குப் புரியாவிடினும், ஆசிரியர் அருகில் இல்லாவிடினும், எழுதிய சமன்பாட்டிற்கு விடை பொருந்துகிறதா என்பதை அடுக்களைத் திண்ணையில் அமர்ந்தே தாயும் மகளும் தீர்மானித்துவிடலாம்.