மூன்று விரல் நுழைகிறதா?

பேசாலைக் கரையில் வலை இழுத்து முடிந்ததும் வாடிக்குள் முதலில் திறப்பது வெற்றிலைச் சரைதான். ஒரு வாய் போட்டு ஒதுக்கிக்கொண்டே வயதான சம்மாட்டி ஒருவர் சொன்னார்: "கொட்டாவி விட்டா காதடியில டக்கெண்டு கேக்குது தம்பி. வாயும் முந்தி மாதிரித் திறக்குதில்ல. வயசுதானே!" விரல்களை நெடுக்காக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று நுழைய வேண்டிய இடத்தில் இரண்டுதான் நுழைந்தது.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால் அசைவது தாடை மூட்டு. எலும்புகளுக்கு நடுவே ஒரு தட்டு. அதற்கு மேலும் கீழும் இரண்டு சிற்றறைகள். அவற்றில் ஊறும் நீர் முட்டை வெள்ளைக்கருவைப் போல வழுவழுப்பானது. அந்த வழுவழுப்பைத் தருவது ஹயலூரோனிக் அமிலம். பல்லை நெருமி நெருமி மூட்டு ஓயாமல் நசுங்கும்போது அமிலம் சிதைந்து நீர் தண்ணியாகிறது. இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் புரதங்கள் அதில் பெருகுகின்றன. வழுக்க வேண்டிய தட்டு ஒட்டிக்கொள்ள, வாய் பூட்டிக்கொள்கிறது.

இதற்கு வழி உண்டு. மேலறைக்குள் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றால் உப்புநீரை விட்டு மற்றதால் வெளியேற்றிக் கழுவும் எளிய முறையை டோரிட் நிட்சான் குழுவினர் 1991 இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவும் தேவைப்படாது. மென்மையான உணவும், சூட்டு ஒத்தடமும், தாடைக்குக் கொஞ்சம் ஓய்வும் போதும்.

என்னை உறுத்துவது பாக்கு. நாள் முழுக்க மெல்லும் வாய்க்கு மூட்டு நோவு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாக்கு கன்னத்தின் உள்தோலுக்கு அடியை நார்நாராக இறுக்கிவிடுகிறது. அப்படி இறுகிய வாயை எந்த மூட்டுக் கழுவலும் திறக்காது. அது புற்றுநோய்க்கு முந்திய நிலை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது.

தாடை நோவுக்கு மன அழுத்தமே பெரிய காரணம், வெற்றிலையை மட்டும் பழிக்கக் கூடாது என்போரும் உண்டு. இருக்கட்டும். இரண்டு விரல் வாய்க்குக் காரணம் மூட்டா, பாக்கா என்பதை வாடியில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. பல் மருத்துவர் வாய்க்குள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்று இரவு கண்ணாடி முன் நின்று உங்கள் மூன்று விரலை வைத்துப் பாருங்கள். வீட்டில் வெற்றிலை போடும் அப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் வயதின் மேல் பழி போடாமல், அடுத்த கிளினிக் நாளிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.