ஆறுக்கு நாலு செம்புப் பலகை

கும்பகோணத்தில் செம்பை நிறுத்துத்தான் வாங்குவார்கள். பாத்திரக்கடைத் தராசில் குடத்தை வைத்து, அன்றைய கிலோ விலையைச் சொல்லி, பழைய பாத்திரம் போட்டால் அதன் எடைக்கு உரிய தொகையைக் கழித்துக்கொண்டு பில் போடுவது ஊர் வழக்கம். பக்கத்துச் சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு கடைபவர்களும் உலோகத்தைப் பற்றிப் பேசினால் எடையில்தான் பேச்சு தொடங்கும்.

இதே உலோகத்தை இஞ்ச் கணக்கில் வாங்குகிறவர்களும் உண்டு. டிவி, ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கண்ணாடி மேஜைக்கு முன்னால் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் வந்து நிற்பார்.

"அண்ணே, ஆறுக்கு நாலு பிளைன் போர்டு ஒண்ணு. கூட நூறு கிராம் எட்சிங் பவுடர்."

"பேப்பர்ல வேணுமா தம்பி, கிளாஸ்ல வேணுமா?"

முதன்முறை வாங்க வருகிறவர் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுவார். கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் காப்பர் கிளாட் வியாபாரத்தில் பாதி புரிந்த மாதிரி.

டிவியின் முதுகைக் கழற்றினால் உள்ளே தெரியும் பலகையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் உறுப்புகள், மறுபக்கம் அவற்றை இணைக்கும் செம்புக் கோடுகள். அந்தக் கோடுகள் வரையப்படுவதற்கு முன், ஒரு பக்கம் முழுக்கச் செம்புத் தகடு ஒட்டியிருக்கும் வெறும் பலகைதான் காப்பர் கிளாட். கடைக்காரர்கள் 'பிளைன் போர்டு' என்பார்கள். வேண்டிய கோடுகளை மையால் மூடிவிட்டு மீதிச் செம்பைக் கரைத்து எடுத்தால் சர்க்யூட் போர்டு தயார். வியன்னாவில் பிறந்து லண்டனுக்குக் குடியேறிய பால் ஐஸ்லர் 1943-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதுவரை ரேடியோவுக்குள் ஒவ்வொரு இணைப்பும் தனித்தனி ஒயராக, ஒவ்வொன்றும் கையால் பற்றவைத்ததாக இருந்தது.

சுவாமிமலைச் சிற்பியின் வேலையோடு இதை வைத்துப் பார்க்கலாம். அங்கே காவிரி வண்டலால் மூடிய மெழுகு உருகி வெளியேற, அது இருந்த இடத்தில் உலோகம் வந்து உட்காரும். இங்கே மை மூடிய இடத்தில் மட்டும் உலோகம் தங்கும், மற்றதெல்லாம் கரைந்து போகும்.

பேப்பரா, கிளாஸா?

கடைக்காரர் கேட்டது செம்பைப் பற்றி அல்ல, செம்புக்கு அடியில் இருக்கும் பலகையைப் பற்றி. காகித அடுக்குகளைப் பினாலிக் பிசினில் தோய்த்து அழுத்தியது 'பேப்பர்'. காபிக்கொட்டை நிறத்தில் இருக்கும். பிசின் 1907-இல் லியோ பேக்லேண்ட் கண்டுபிடித்த பேக்கலைட்டின் வகை. எலக்ட்ரீசியன்கள் 'ஹைலம் ஷீட்' என்று சொல்வதும் இதன் சொந்தக்காரப் பொருள்தான். கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி பிசினில் தோய்த்து அழுத்தியது 'கிளாஸ்'. இளமஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், செம்பு இல்லாத பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதன் தரப்பெயர் எஃப்ஆர்-4. எஃப்ஆர் என்றால் தீ எளிதில் பரவவிடாதது என்று பொருள்.

பேப்பர் போர்டு விலை குறைவு, ஹேக்ஸா பிளேடுக்கு எளிதில் வழிவிடும், சிறிய டிரில்லிலும் துளை சுலபமாக விழும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். சால்டரிங் அயர்னைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்தால் செம்புக் கோடு பலகையை விட்டு உரிந்து வந்துவிடும். கிளாஸ் போர்டு சூட்டையும் ஈரத்தையும் தாங்கும், வளையாது. அதற்கு விலை கூடுதல். அறுக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு மூச்சுக்குள் போகக் கூடாது என்பதால் முகக்கவசம் கட்டிக்கொண்டு, பலகையை நனைத்துக்கொண்டே அறுக்க வேண்டும்.

டெல்டாவில் எது தேவை என்பது எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. வகுப்பில் காட்டிவிட்டு அலமாரியில் வைக்கப்போகும் எல்இடி பிளிங்கருக்குப் பேப்பர் போதும். வயலோரத்து மோட்டார் கொட்டகையில் மாட்டப்போகும் தண்ணீர் மட்டக் கருவி, கோயில் திருவிழாவில் இரவு முழுக்க ஓடவேண்டிய சீரியல் செட் கண்ட்ரோலர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியின் வெப்பக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குக் கிளாஸ்தான். ஐப்பசி மழையில் கொட்டகைச் சுவரே ஊறிப்போகும் ஊரில், பேப்பர் போர்டில் மிச்சம் பிடித்த காசு மறு வருஷம் ரிப்பேருக்குப் போய்விடும்.

நாலே முக்கால் கிராம்

ஆறு இஞ்சுக்கு நாலு இஞ்ச் பலகையில் செம்பு எவ்வளவு இருக்கும்?

வழக்கமான பலகையில் செம்பின் கனம் 35 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வியாபாரத்தில் இதை 'ஒரு அவுன்ஸ்' என்பார்கள். ஒரு சதுர அடியில் ஒரு அவுன்ஸ் செம்பை, அதாவது 28.35 கிராமைப் பரப்பினால் வரும் கனம் இது. ஆறுக்கு நாலு என்பது 24 சதுர இஞ்ச், சதுர அடியில் ஆறில் ஒரு பங்கு. ஆக, மாணவர் கையில் வாங்கும் பலகையில் இருக்கும் செம்பு சுமார் 4.7 கிராம்தான். பாத்திரக்கடையில் வாங்கும் ஒரு கிலோ செம்பைக் கொண்டு இப்படி 210 பலகைகளுக்கு மேல் மூடலாம். பலகையின் மொத்தக் கனம் வழக்கமாக 1.6 மில்லிமீட்டர். அதில் செம்பு மேலே ஒட்டிய ஓர் ஆடை மட்டுமே.

இவ்வளவு மெல்லிய ஆடையாக இருப்பதால்தான் ஏமாறவும் வழி இருக்கிறது. 35 மைக்ரானுக்குப் பதில் அதில் பாதியான அரை அவுன்ஸ் பலகை கைமாறினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சிறிய எல்இடி வேலைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் 4440 ஐசி போட்டு ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவருக்கு, சப்ளை வரும் கோட்டில் ஆம்பியர் கணக்கில் கரண்ட் ஓடும். 35 மைக்ரானில் ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடு சுமார் 2 ஆம்பியரை அதிகம் சூடாகாமல் தாங்கும். செம்பு பாதியானால் அதே கோடு சூடேறும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நகைக்கடைகள் நிறைந்த கும்பகோணத்துக்கு அது கைக்கெட்டும் வழி. பலகையின் ஓரத்தில் இரண்டுக்கு இரண்டு இஞ்ச் துண்டு ஒன்றை வெட்டி, மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். பிறகு அதன் செம்பு முழுவதையும் கரைத்து, கழுவி, நன்றாக உலர்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். எடை 0.79 கிராம் அளவுக்குக் குறைந்திருந்தால் அது ஒரு அவுன்ஸ் பலகை. 0.39 கிராம்தான் குறைந்தது என்றால் அரை அவுன்ஸ். தங்கத்துக்கு உரசிப் பார்ப்பது போல இதற்கு இந்தச் சோதனை.

கடையில் நிற்கும்போதே பார்க்கக் கூடியவையும் உண்டு. மேஜைமேல் படுக்க வைத்தால் நாலு மூலையும் படிய வேண்டும். வெட்டிய ஓரத்தில் அடுக்குகள் விரிந்திருக்கக் கூடாது. செம்பின் மேல் கொப்புளம் போல மேடு தெரிந்தால் அந்த இடத்தில் ஒட்டுதல் விட்டுப்போயிருக்கிறது, அதை வாங்கக் கூடாது. கறுத்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். டெல்டாவின் ஈரக் காற்றில் அலமாரியில் கிடந்த செம்பு கறுக்கத்தான் செய்யும். செப்புக் குடத்தை அம்மா எப்படித் துலக்குவாரோ அதே புளி போதும். தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து உலர்த்தினால் இளஞ்சிவப்பு திரும்பிவிடும். அதன் பிறகு விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்தே கையாள வேண்டும், எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் மை ஒட்டாது.

ரிச்சி தெருவிலிருந்து

தமிழ்நாட்டில் இந்தப் பலகைக்குப் பெரிய சந்தை சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. பெயர் ஒரு தெருவுக்கு என்றாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, மோகன்தாஸ் சாலை என்று சுற்றிலும் உள்ள தெருக்கள் சேர்ந்ததுதான் சந்தை. மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு எப்படியோ, தமிழ்நாட்டுக்கு இது. கும்பகோணத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர் மறுநாள் அதிகாலை சென்னையில் இறங்கி, கடைகள் திறக்கும்வரை காத்திருந்து, வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

இந்தச் சரக்கு ஆலையிலிருந்து பெரிய ஷீட்டாக வரும். மூன்றடிக்கு நாலடி ஷீட் ஒன்றை எடுத்துக்கொண்டால், அறுப்பில் போகும் சேதத்தை விட்டுவிட்டு, ஆறுக்கு நாலு துண்டுகள் 72 கிடைக்கும். முழு ஷீட்டை வாங்கி வெட்டுகிறவர், வெட்டிய துண்டைக் கட்டாக வாங்குகிறவர், கட்டைப் பிரித்து ஒன்றிரண்டாக விற்கிறவர் என்று கை மாறி மாறித்தான் பலகை மாணவரிடம் வருகிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். போர்டு தயாரிக்கும் கம்பெனிகளில் மிஞ்சும் ஓரத் துண்டுகள் 'கட் பீஸ்' என்று கிலோ கணக்கில் விலைபோவதும் உண்டு. கனமும் வகையும் கலந்து கிடக்கும் அந்தக் குவியலில் தேடி எடுக்கத் தெரிந்தவருக்கு நல்ல கிளாஸ் போர்டு மலிவாக அமையும்.

சிறிய ஊர்க் கடைக்காரருக்கு இதில் பெரிய லாபம் கிடையாது. மாணவர்கள் புராஜெக்ட் செய்யும் சில மாதங்களில் ஓடும், மீதி மாதங்களில் பணம் அலமாரியில் முடங்கிக் கிடக்கும். போட்டியும் கூடிவிட்டது. சீனாவின் ஷென்ஜென் நகர நிறுவனங்கள் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள ஐந்து போர்டுகளை, துளையும் பச்சைப் பூச்சும் உட்பட, இரண்டு டாலர் அறிமுக விலைக்குச் செய்து தருகின்றன. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் தொகை பல மடங்காகும், கைக்கு வர நாளும் ஆகும். ஆனாலும் வேலை சுத்தம். அப்படியிருந்தும் ஊர்க் கடையில் பிளைன் போர்டு கிடைக்க வேண்டியது அவசியம். சாயங்காலம் தோன்றிய யோசனையை ராத்திரிக்குள் செய்து பார்த்து, தப்பென்றால் மறுநாள் திருத்திச் செய்ய இது ஒன்றுதான் வழி. கணினித் திரையில் வரைந்து அனுப்புகிறவருக்குக் கோடு என்பது ஒரு படம். கையால் செய்தவருக்கு அது செம்பு. எங்கே மெலிந்தது, எங்கே அறுந்தது என்று விரலுக்குத் தெரியும், பழுது பார்க்கவும் அந்த விரல்தான் உதவும்.

நாட்டளவிலும் இந்தப் பலகை இப்போது கவனம் பெற்றிருக்கிறது. இந்தியா இதற்குப் பெரிதும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. மின்னணு உதிரிபாக உற்பத்திக்காக ஒன்றிய அரசு 2025-இல் 22,919 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஒப்புதல் பெற்ற முதல் 7 ஆலைத் திட்டங்களில் 5 தமிழ்நாட்டுக்கு வந்தன. காப்பர் கிளாட் தயாரிப்பும் அந்த ஒப்புதல்களில் ஒன்று.

இஸ்திரிப் பெட்டியும் பிளாஸ்டிக் டப்பாவும்

வீட்டில் செய்யும் முறை எளிது. சர்க்யூட்டின் கோடுகளைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி, வழவழப்பான தாளில் லேசர் பிரிண்டரில் அச்சடிக்க வேண்டும். தாளைச் செம்பின் மேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் சில நிமிடம் அழுத்தினால் டோனர் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரிக்க, கறுப்புக் கோடுகள் மட்டும் நிற்கும். விட்டுப்போன இடத்தைப் பெர்மனென்ட் மார்க்கரால் இட்டு நிரப்பலாம்.

எட்சிங் பவுடர் என்று கடையில் கேட்டது ஃபெரிக் குளோரைடு. பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட வேண்டும், சூடு கிளம்பும் என்பதால் மாற்றிச் செய்யக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, அரித்துவிடும். துணியில் பட்ட மஞ்சள் கறை போகாது. கையுறை அவசியம். பலகையைப் போட்டு டப்பாவை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால், முதலில் ஓரங்களில் செம்பு மங்கி, பிறகு பலகையின் சொந்த நிறம் தீவு தீவாகத் தெரியத் தொடங்கும். இருபது நிமிடத்துக்குள் கோடுகள் மட்டும் மிஞ்சும். பழுப்பாக இருந்த கரைசல் கரும்பச்சைக்கு மாறியிருக்கும். அந்தப் பச்சை, கரைந்துபோன செம்பு.

வேலை முடிந்ததும் கரைசலைக் கொல்லைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊர். இங்கே சாக்கடைக்குப் போனது வாய்க்காலுக்குப் போக வெகுதூரம் இல்லை. குளத்துப் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுவது ஏனென்றால் செம்பு பாசிக்கு விஷம். நெல்வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசிக்கும், விவசாயிகள் வளர்க்கும் அசோலாவுக்குள் வாழும் நுண்ணுயிருக்கும் அதே விஷம்தான். மீனுக்கும் ஆகாது.

செய்ய வேண்டியது சிரமமான காரியமல்ல. கரைசலை வீசாமல் பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வைத்தால் பலமுறை பயன்படும். செம்பைக் கரைக்கும் சக்தி போன பிறகு, காற்றோட்டமான இடத்தில், மூடியை இறுக்காமல், அதில் இரும்பு ஆணிகளைப் போட்டு ஓரிரு நாள் விட வேண்டும். இரும்பு கரைந்து செம்பு வெளியே வரும். பிறகு சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, அடியில் படியும் வண்டலை வடிகட்டி உலர்த்தித் தனியே எடுத்து, கல்லூரி ஆய்வகக் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் துறை உள்ள ஒவ்வொரு பாலிடெக்னிக்கும், எட்சிங் பவுடர் விற்கும் ஒவ்வொரு கடையும் மாணவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு கேனை ஓரமாக வைத்தால் போதும்.

ஆணி போட்ட மறுநாள் காலை பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கறுப்பாகப் போட்ட ஆணிகள் செங்கல் நிறத்தில் இருக்கும். தட்டினால் பொடியாக உதிர்ந்து அடியில் படியும். பலகையிலிருந்து போன செம்புதான் அது. கோடுகளுக்கு எடுத்துக்கொண்டது போக, 4.7 கிராமில் மீதி அந்தப் பாட்டிலில் இருக்கிறது.