மெத்தென்ற சீட் சுகமான சீட்டா?

பைக் வாங்கும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? மைலேஜ் எவ்வளவு, என்ன கலர், மாதத் தவணை எவ்வளவு என்று குடும்பமே கூடிப் பேசுகிறோம். ஆனால் உட்காரப் போகிற சீட்டை யாராவது கவனிக்கிறோமா? ஷோரூமில் இரண்டு நிமிஷம் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். இரண்டு மூன்று வருஷம் போய், ஸ்பாஞ்ச் அமுங்கி, ரெக்சின் கிழிந்து, இடுப்பில் வலியும் கீழே எரிச்சலும் வருகிறபோதுதான் சீட் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வருகிறது!

அப்போதும் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, எது அதிகம் அமுங்குகிறதோ அதையே வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறோம். தவறு இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒரகடத்தை ஒட்டி வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து, கற்கால மனிதர்களின் கருவிகளை எடுத்ததால் பத்திரிகைகளில் பேர் அடிபட்ட ஊர். அந்தக் காலத்து மனிதன் குந்தி உட்கார்ந்தான், இல்லாவிட்டால் நடந்தான். இன்றைக்கு அதே மண்ணைச் சுற்றி பைக்குகள் உற்பத்தியாகின்றன. 2013-ல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா, 2017-ல் அங்கேயே ராயல் என்ஃபீல்டின் இன்னொரு தொழிற்சாலை என்று வரிசையாக வந்தன. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எத்தனை பைக்குகள்! அவற்றில் எத்தனை சீட்டுகள் கிழிந்து, பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு போகின்றன! எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த உடம்பு, வீட்டுக்குப் போக இன்னும் முக்கால் மணி நேரம் அதன்மேல் குலுங்கியாக வேண்டும்.

எதன்மேல் உட்காருகிறோம்?

"இதென்ன கேள்வி டாக்டர், பிட்டத்தின் மேல்தான்" என்பீர்கள். முழுசாக அப்படியில்லை. இடுப்பெலும்பின் அடியில் இடதும் வலதுமாக இரண்டு முண்டுகள் இருக்கின்றன. பலகையில் உட்கார்ந்து உள்ளங்கையை அடியில் கொடுத்தால் கையில் தட்டுப்படும். உடம்பின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த எலும்புகள் இவை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடமோ மென்மையானது. ஆசனவாய், சிறுநீர்ப்பாதை, அந்தப் பகுதிக்கு உணர்ச்சி தருகிற நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அங்கேதான் போகின்றன.

நல்ல சீட் பாரத்தை அந்த இரண்டு எலும்புகளிடம் ஒப்படைக்கும். மோசமான சீட் நடுவில் இறக்கும். ரொம்ப மெத்தென்று இருக்கிற சீட்டில் எலும்புகள் இரண்டும் உள்ளே புதைந்துவிடும். நடுப்பகுதி ஸ்பாஞ்ச் மேலே எழும்பி அந்த மென்மையான இடத்தை அழுத்தும். இருபது நிமிஷத்தில் மரமரப்பு, அதன்பின் எரிச்சல்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் நம் உடம்புக்கு ஒரு அதிர்வுக் கணக்கு உண்டு. நொடிக்கு ஏறக்குறைய நாலைந்து முறை மேலும் கீழும் குலுங்கினால், முதுகெலும்பு அந்த அதிர்வை வாங்கிப் பெருக்கிக்கொள்ளும். அளவுக்கு மீறி மெத்தென்றிருக்கும் ஸ்பாஞ்ச், ஸ்பிரிங் மாதிரி இதே கணக்கில் குதிக்கத் தொடங்கிவிடும். ரோடு கொடுக்கிற குலுக்கலை சீட் குறைப்பதற்குப் பதில் கூட்டிக் கொடுக்கும். ஊஞ்சலில் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் அதிகமாகிறதே, அதுபோல!

குலுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பது என்ன செய்யும் என்பதற்கு உலகப்போரே ஒரு சாட்சி. இரண்டாம் உலகப்போரில் ஜீப்பில் நாள்கணக்காகப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்கு, வால் எலும்புக்குப் பக்கத்தில், பிட்டப் பிளவுக்கு மேலே சீழ்க்கட்டி வந்தது. 1944-ல் பூயி என்ற அமெரிக்க டாக்டர் அதற்கு 'ஜீப் நோய்' என்றே பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். உள்ளே முடி புதைந்து உண்டாகும் கட்டி அது. குலுக்கலும் உரசலும் வியர்வையும் சேர்ந்து அதைக் கிளப்பிவிடும்.

சீட்டின் குற்றமா? உடம்பின் குற்றமா?

என்னிடம் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். கணவருக்கு இருபத்தெட்டு வயது. வடக்குப்பட்டில் வாடகைக்குக் குடியிருந்து, கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்.

"ஐயா, ஒரு வருஷத்துல மூணு தடவ சீட்ட மாத்திட்டேன். ஜெல் வச்சது, காத்து அடைக்கிறதுன்னு எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். எரிச்சல் மட்டும் நிக்கல" என்றார்.

"ரத்தம் போகுதா தம்பி?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பேசினார். "போகுதுங்க ஐயா. நாலு மாசமா போகுது. உடம்பு சூடு, சீட்டு சரியில்லன்னு சொல்லியே மறைச்சிட்டாரு. துணி துவைக்கறப்ப பாத்துத்தான் எனக்கே தெரியும்."

விசாரித்தபோது விஷயம் விளங்கியது. 'லைனை' விட்டு நகர்ந்தால் சூப்பர்வைசர் கேட்பார் என்று தண்ணீர் குடிப்பதில்லை. வெளிக்கு வந்தாலும் அடக்கிக்கொள்வது. ராத்திரி ஷிப்டில் பரோட்டா. மலம் இறுகி, ஆசனவாயில் வெடிப்பு கண்டிருந்தது. லீவு போட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் காட்டவில்லை. அவர் மாற்ற வேண்டியிருந்தது சீட்டை அல்ல!

அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. மலமும் சிறுநீரும் அதில் அடங்கும். இவற்றைக் கீழே தள்ளுகிற அபான வாயுவை அடக்கி அடக்கி வைத்தால் அது சீறாமல் என்ன செய்யும்? எந்த ஜெல் சீட்டும் இதற்கு மருந்தாகாது. அந்தத் தம்பிக்கு மலத்தை இளக்க மருந்து கொடுத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, தினமும் வெந்நீரில் உட்கார வைத்தோம். சில வாரங்களில் ரத்தமும் எரிச்சலும் நின்றன. அதற்கப்புறம்தான் சீட்டைப் பற்றிப் பேசினோம்.

ஆகவே முதலில் பிரித்துப் பாருங்கள். வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்து, இறங்கி நடந்ததும் குறைகிற வலி, வேறு வண்டி ஓட்டினால் வராத வலி என்றால் பெரும்பாலும் சீட்டின் குற்றம். விடுமுறை நாளிலும் வருகிறது, மலம் கழிக்கும்போது வலிக்கிறது, ரத்தம் போகிறது, தொடை வழியாகக் கால் வரை இழுக்கிறது என்றால் உடம்பின் குற்றம். டாக்டரிடம் போங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்தம் போவதை 'மூலம்தானே' என்று தாங்களாகவே முடிவு கட்டக்கூடாது. கட்டாயம் பரிசோதனை வேண்டும். இரண்டு தொடைகளுக்கும் நடுவே உணர்ச்சியே இல்லை, சிறுநீர் கட்டுகிறது அல்லது தானாகப் போகிறது, கால் பலமிழக்கிறது... இப்படி இருந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப் போடாமல், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இதற்கு என் போன்றவர்களின் தைலமும் லேகியமும் போதாது.

மாற்றுவதற்கு முன்...

சீட்தான் காரணம் என்று தெரிந்தாலும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். டயரில் காற்று அளவுக்கு அதிகமாக இருக்கிறதா? பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறதா? சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ்கள் விழுந்துவிட்டனவா? இவை சரியாக இல்லாவிட்டால் எந்த சீட் போட்டாலும் முதுகுதான் அடிவாங்கும். மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒரு அட்டைப் பரீட்சை

வீட்டில் பார்சல் வந்த அட்டைப்பெட்டி கிடக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி மர ஸ்டூலின் மேல் போடுங்கள். கெட்டித் துணி இல்லாமல், லுங்கியோ பைஜாமாவோ உடுத்திக்கொண்டு, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதத்தைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு நிமிஷம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். அவைதான் உங்கள் உட்காரும் எலும்புகளின் இடம். குழிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம் என்பதால் இந்தத் தூரம் பொதுவாகக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

நீங்கள் உட்காருகிற இடத்தில் சீட்டின் அகலம் இந்த அளவைத் தாண்டி, இரண்டு பக்கமும் தாராளமாக இருக்க வேண்டும். அளவு தெரிந்துவிட்டதா? இப்போது கடைக்குப் போகலாம். சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனாலும் சரி, உள்ளூர் குஷன் கடைக்குப் போனாலும் சரி, இவற்றைப் பாருங்கள்:

* கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது பரீட்சையே அல்ல. கால் மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். ஸ்பாஞ்சின் குணம் உடம்புச் சூடு ஏறிய பிறகுதான் தெரியும். முஷ்டியை மடக்கி முழு பலத்தோடு அழுத்தினாலும் அடித்தட்டு கையில் இடிக்கக்கூடாது.

* பழைய சீட்டின் அடித்தட்டு நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு ஸ்பாஞ்சை மட்டும் மாற்றுவது நல்லது. வண்டிக்குப் பொருந்துகிற தட்டு அது; லாக்கும் ஒழுங்காக விழும். அடியில் கெட்டியான ஃபோம், மேலே மெல்லியதாக மிருதுவான ஃபோம் என்று இரண்டு அடுக்காகப் போடச் சொல்லுங்கள்.

* முன்பக்கம் சரிந்திருக்கும் சீட் வேண்டாம். ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கை நோக்கி வழுக்கிப்போய் ஆண்களுக்கு அடிபடும். வழவழப்பான ரெக்சினும் அப்படித்தான்.

* உயரம் முக்கியம். ஸ்பாஞ்சைக் கூட்டினால் சீட் உயரும். சிக்னலில் நிற்கும்போது இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். சுகத்துக்காக உயர்த்திவிட்டு, லாரிக்குப் பக்கத்தில் சாய்ந்து விழுந்தால் என்ன பிரயோஜனம்?

* உட்காருகிற இடத்தில் தையல் வரக்கூடாது. தோலை உரசும், மழைத் தண்ணீரும் அது வழியாகத்தான் இறங்கும். ஈர ஸ்பாஞ்சின் மேல் உட்கார்ந்து போனால் தொடை இடுக்கில் படர்தாமரை நிச்சயம். ஸ்பாஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

* ஜெல் சீட் பாரத்தைப் பரப்பும், வாஸ்தவம்தான். ஆனால் வெயிலில் நின்றால் சூடேறி, அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பெனி வாசலில் நிழல் இல்லாமல் வண்டி நிறுத்துகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். காற்றோட்டமான வலைத்துணி உறை நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. காற்றடைக்கும் சீட் வாங்கினால் பாதிக்காற்று போதும். முழுக்க அடைத்தால் பந்தின்மேல் உட்கார்ந்த கதைதான்.

பின்னால் இருப்பவரை மறக்காதீர்கள்!

சீட் மாற்றுகிறவர் தனக்காகத்தான் மாற்றுகிறார். பின்னால் ஒருபக்கமாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மடியில் குழந்தையோடு உட்காரும் மனைவியை யார் கேட்கிறார்கள்? ஒருபக்கமாக உட்காரும்போது இடுப்பு முறுகுகிறது. பாரம் ஒரு எலும்பில் அதிகம் இறங்குகிறது. முடிந்தவரை சுடிதார் போட்டு இருபுறமும் கால் போட்டு உட்காருவதே முதுகுக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. கர்ப்பிணிகளும் முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்களும் குலுங்குகிற சாலையில் பைக் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

'ஸ்டைல்' என்று பின்சீட்டைக் குறுக்கி, பிடிமானக் கம்பியையும் சாரி கார்டையும் கழற்றிப் போடுகிற பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மூடுகிற தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. பின்னால் ஒரே ஒருவர்தான், அதுவும் உறுதியாகப் பொருத்திய முறையான சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம்.

வீட்டிலே செய்ய வேண்டியது

எத்தனை நல்ல சீட்டானாலும் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, ஐந்து நிமிஷம் நடங்கள். பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்; ஒரு பக்கம் உயர்ந்து இடுப்பு சாய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இறுகிய தசைகள் இளகும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு சரியாக உறைக்காது என்பதால் வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே உட்கார வேண்டும். வாரம் ஒருமுறை நல்லெண்ணெய்க் குளியல், சாப்பாட்டில் புளி சேர்த்துச் சமைத்த கருணைக்கிழங்கு, பிரண்டைத் துவையல், கீரை, போதிய தண்ணீர்... இவையெல்லாம் நம் பாட்டிமார் சொன்னவைதான். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, இளஞ்சூட்டில் வைத்துக் கட்டுவது மூல உபத்திரவத்துக்குச் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ள முறை. ரத்தமோ சீழோ இருந்தால் மட்டும் கைவைத்தியத்தோடு நின்றுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சீட் வாங்கப் போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் முன்னால் கால் மணி நேரம், அவர் பின்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளிக்கத்தான் செய்வார், பரவாயில்லை. இரண்டு பேரும் 'சரி' என்று சொன்ன சீட்டுக்கு மட்டும் காசு கொடுங்கள்!