மேல்விஷாரமா, கீழ்விஷாரமா? 108-இல் முதல் நிமிடம்

ஆற்காட்டைத் தாண்டி வேலூரை நோக்கிப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மேல்விஷாரத்தை ஒட்டியே போகிறது. இரவு பகல் பார்க்காமல் கன்டெய்னர் லாரிகள், ஷூ கம்பெனி பஸ்கள், கல்லூரிப் பிள்ளைகளின் பைக்குகள். ஒரு விபத்து நடந்துவிட்டால் சுற்றிலும் கூட்டம் சேரும், நாலைந்து பேராவது போனை எடுத்து 108-க்கு அடிப்பார்கள். பெரும்பாலும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "விஷாரம் கிட்ட ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க."

அந்தப் போனை எடுப்பவர் ஆற்காட்டிலோ வேலூரிலோ இல்லை. மாநிலம் முழுவதிலிருந்தும் வரும் 108 அழைப்புகள் சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகின்றன. 2008 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியதிலிருந்து முறை இதுதான். உங்கள் பேச்சைக் கேட்கும் பணியாளர் மேல்விஷாரத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. "பள்ளிவாசல் பக்கத்துல", "பழைய டேனரி சந்து" என்பதெல்லாம் நமக்கு முகவரி, அவருக்கு வெறும் ஓசை. அவர் குறித்துக்கொண்ட இடத்தை வைத்துத்தான் எந்த வண்டி அருகில் இருக்கிறது என்று பார்த்து அனுப்புகிறார்கள். வண்டியில் 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநரும், முதலுதவி செய்யும் மருத்துவ உதவியாளரும் வருவார்கள். அவர்களுக்குக் கிடைப்பதும் அதே விவரம்தான். முதலில் தவறாகப் பதிவான இடம் வண்டி வந்து சேரும்வரை தவறாகவே இருக்கும்.

நம் ஊரில் இந்தத் தவறுக்கு மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. முதலாவது, விஷாரம் இரண்டு: மேல்விஷாரம், கீழ்விஷாரம். வெறுமனே "விஷாரம்" என்றால் எது? இரண்டாவது, மாவட்டம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. ஆனால் பழக்கத்தில் இன்றும் பலர் "வேலூர் மாவட்டம்" என்றே சொல்கிறார்கள். மூன்றாவதுதான் அதிகம் படுத்துவது: நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம்? நடுவே தடுப்பு இருக்கிறது. வேலூர் போகும் பக்கத்தில் அடிபட்டவர் கிடக்க, வண்டி ஆற்காடு வரும் பக்கத்தில் வந்து நின்றால், கண்ணுக்கு எதிரே தெரிந்தும் அது அடுத்த திருப்பம்வரை போய்த்தான் வர வேண்டும். சர்வீஸ் ரோடா, மெயின் ரோடா என்று சொல்லாமல் விட்டாலும் இதே கதிதான்.

போலீஸ் வயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வார். சரியென்று உறுதியான பிறகே அடுத்த பேச்சு. இரைச்சலில் ஓர் எழுத்து மாறினாலும் ஊர் மாறிவிடும் என்பதால் வந்த ஒழுங்கு இது. விமானிகள் 'ஏ' என்பதற்கு 'ஆல்ஃபா', 'பி' என்பதற்கு 'பிராவோ' என்று சொல்வதும் இதற்காகத்தான். 108-க்குப் பேசும்போது இந்த ஒழுங்கை நாமும் எடுத்துக்கொள்ளலாம். "நான் சொன்ன இடத்தை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் "கீழ்விஷாரம்" என்று சொன்னால் அங்கேயே திருத்திவிடலாம். சில நொடிகள்தான் செலவாகும்.

அழைப்பு இப்படி இருந்தால் போதும்: "ராணிப்பேட்டை மாவட்டம், மேல்விஷாரம், 'மேலே'ங்கிற மேல். சென்னை–பெங்களூரு ஹைவே, வேலூர் போற பக்கம், மெயின் ரோடு. அப்துல் ஹக்கீம் காலேஜ் பக்கத்துல. பைக்கும் லாரியும் மோதல். ரெண்டு பேருக்கு அடி. ஒருத்தர் பேசுறார். இன்னொருத்தர் மூச்சு விடுறார், பேச்சில்லை." நெடுஞ்சாலை ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். கேள்வி கேட்பதால் வண்டி தாமதமாகிறது என்று கோபப்படுகிறோம். அந்தக் கேள்விகளின் பதிலைப் பார்த்துத்தான் எந்த வகை வண்டி வேண்டும் என்று முடிவாகிறது. பிறகு பைலட் உங்கள் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார், அதனால் அந்தப் போனில் வேறு யாருடனும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, இன்னொருவர் ரோட்டுக்கு வந்து நின்று வண்டியைக் கையசைத்து அழைக்கட்டும்.

நெடுஞ்சாலையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது தோல் தொழிற்சாலைகள்தான். கழிவுநீர்த் தொட்டிகளிலும் குழிகளிலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இங்கே அழைப்பவர் "மயக்கம்" என்று மட்டும் சொல்லக் கூடாது. "தொட்டிக்குள்ள கேஸ்" என்ற வார்த்தை கட்டாயம் வர வேண்டும். 108-ஓடு தீயணைப்புத் துறையின் 101-க்கும் சேர்த்து அழைக்க வேண்டும், ஏனென்றால் சுவாசக் கருவி மாட்டி உள்ளே இறங்கப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். அவர்கள் வரும்வரை கருவி இல்லாத யாரும் இறங்கக் கூடாது.

2015 ஜனவரி 31 நள்ளிரவுக்குப் பின் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்படியொரு இரவில் உயிர் பிழைத்த ஒருவர் போனை எடுத்தால், தான் இருக்கும் தாலுகாவின் பெயரை அவரால் சொல்ல முடியுமா? இன்றும் டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் பீகார், வங்கம், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். முதலாளிகள் செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. கேட்டுக்கு உள்ளேயும் தங்கும் அறையிலும் ஒரு பலகை. அதில் மாவட்டம், ஊர், தெரு, அடையாளம், 108, 101. அந்தத் தமிழ் வாசகத்தையே இந்தி எழுத்திலும் வங்க எழுத்திலும் எழுதிவைத்தால், தமிழ் தெரியாதவரும் போனில் அப்படியே வாசித்துவிடுவார். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. முகவரிப் பலகை அதைவிட எளிது.

இனி உரிமைகள். 108-க்குக் கட்டணம் கிடையாது, டீசல் காசு என்று யாரும் கேட்கக் கூடாது. அரசு மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்கு இன்னொரு அரசு மருத்துவமனைக்கு, உதாரணமாக வாலாஜாவிலிருந்து அடுக்கம்பாறைக்கு, அனுப்பினாலும் 108 இலவசம்தான். பதற்றத்தில் வாசலில் நிற்கும் தனியார் வண்டியில் ஏறிவிடுகிறோம். ஏறத்தான் வேண்டுமென்றால் வாடகையை முதலில் பேசுங்கள், ரசீது வாங்குங்கள், எந்த மருத்துவமனைக்குப் போகிறோம் என்பதை நீங்களே சொல்லுங்கள். கமிஷனுக்காக வண்டியைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் அது. முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது, பிறகு இரண்டு லட்சமாக உயர்ந்தது. காப்பீட்டு அட்டை வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால், வேறு மாநிலத்தவரானாலும் உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று மட்டும் கேளுங்கள். "போலீஸ் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று எந்த மருத்துவரும், அரசோ தனியாரோ, சொல்ல முடியாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது.

கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் இன்னும் பலரை ஒதுங்கி நிற்க வைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ வராமல் காக்கிறது. 2020-இல் வந்த விதிகளின்படி உங்கள் பெயர், முகவரியைச் சொல்ல யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கொண்டுவந்து சேர்த்தவரிடம் மருத்துவமனை பணம் கட்டச் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கோ 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

டவர் விழுந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் செல்போன்கள் ஊமையாகின. 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி கொண்டுவந்தது, அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற வானொலி ஆர்வலரின் ஹாம் ரேடியோ. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதை நாமே பார்த்தோம். அப்படியொரு நாளில் காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்புங்கள், அங்கே வயர்லெஸ் இருக்கிறது. போன் இருந்தும் 108 கிடைக்காவிட்டால் 112, மாவட்டப் பேரிடர் எண் 1077, நெடுஞ்சாலை விபத்துக்கு 1033.

வண்டி வராவிட்டாலோ பணம் கேட்டாலோ, அழைத்த நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டு முதலமைச்சரின் உதவி மையம் 1100-இல் புகார் செய்யுங்கள். அரசு மருத்துவமனை குறித்தென்றால் 104. மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

மேல்விஷாரம் நகராட்சிக்கு ஒரு கோரிக்கை. நெடுஞ்சாலையின் இரு பக்கத்து மின்கம்பங்களிலும், டேனரித் தெருக்களின் முனைகளிலும் பெரிய எழுத்தில் வரிசை எண் எழுதி, அந்தப் பட்டியலை 108 கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவையுங்கள். அதுவரை வாசகர்கள் தங்கள் வீட்டு முகவரியை, மாவட்டம் தொடங்கி வாசல் அடையாளம் வரை, ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியோ பள்ளிப் பிள்ளையோ அதைப் பார்த்து வாசிக்கட்டும்.