சிவப்பு தெரியாத தோலில் படுக்கைப்புண்

படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். முதுகின் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவுக்குக் கறுத்திருக்கிறது. பழைய தழும்பு என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிடத் தோன்றும். தாதிமை பயிலும் மாணவர் அங்கே சற்று நிற்க வேண்டும்.

வால் எலும்பு, இடுப்பு, குதிகால் போன்ற இடங்களில் உடலின் எடை நெடுநேரம் அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபடும். தோலும் அதன் அடியிலுள்ள சதையும் மெல்ல அழியத் தொடங்கும். இதைத்தான் படுக்கைப்புண் என்கிறோம். 2016ல் அமெரிக்காவின் தேசிய அழுத்தப்புண் ஆலோசனைக் குழு, 'அழுத்தப்புண்' என்ற பெயரை 'அழுத்தக் காயம்' என மாற்றியது. முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காதே, அதை எப்படிப் புண் என்பது?

ஆனால், குணப்படுத்த மிக எளிதானது அந்த முதல் நிலைதான். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். வெளுத்து, விரலை எடுத்ததும் மீண்டும் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் முதல் நிலை.

பாடநூல் படங்களில் நாம் அதிகம் பார்ப்பது வெளிர்நிறத் தோலை. நம் பாட்டிகளின் கருந்தோலில் சிவப்பும் தெரியாமல் போகலாம், வெளுப்பும் தெரியாமல் போகலாம். அப்போது கண்ணைவிடக் கைதான் உதவும். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா? "இங்கே வலிக்குதா பாட்டி?" என்று கேளுங்கள். தேய்த்து மட்டும் விடாதீர்கள். உள்ளே நைந்த சதை மேலும் நையும்.

மேல்தோல் உரிந்து ஈரமான ஆழமற்ற காயமோ நீர்க்கொப்புளமோ தெரிந்தால் இரண்டாம் நிலை. கொழுப்பு தெரிந்தால் மூன்று; தசை, தசைநார் அல்லது எலும்பு தெரிந்தால் நான்கு. அழுகிய திசு மூடி, அடி தெரியாவிட்டால் எந்த எண்ணும் தரக்கூடாது. 'நிலை கணிக்க முடியாதது' என்றே எழுத வேண்டும். கிழியாத தோலில் ஊதா நிறம் கண்டால் கூடுதல் எச்சரிக்கை தேவை. சேதம் ஆழத்தில் தொடங்கியிருக்கலாம். சில நாளில் பெரும் புண்ணாகத் திறந்துகொள்ளும்.

மாணவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவதுண்டு. டயப்பர் ஈரத்தால் வெந்துபோன தோல் படுக்கைப்புண் அன்று. ஆறிவரும் நான்காம் நிலைப் புண்ணும் மூன்றாம் நிலை ஆகிவிடாது. அது 'ஆறிவரும் நான்காம் நிலை'தான். உள்ளே நிரம்புவது பழைய தசையல்ல, தழும்புத் திசு.

அடுத்த வேளைத் தாதியிடம் "லேசாகக் கறுத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், தொட்டால் எப்படி இருக்கிறது, கடைசியாக எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.