காப்பிக் கடைப் பெஞ்சி

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே சென்று, வேலப்பன்சாவடியில் வலப்புறம் திரும்பினால் திருவேற்காட்டை அடையலாம். ஜனங்கள் அங்கே முக்கியமாக இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். ஒன்று, தேவி கருமாரியம்மனைத் தரிசிப்பது. மற்றொன்று, சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் படிப்பது. இவ்விரு சாராரும் சந்திக்கும் இடம் காப்பிக் கடை.

வந்தவர்களை உபசரிப்பது அவ்வூருக்குப் புதிதன்று. அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊர் அது. அடியார்களுக்கு அமுதளித்த பிறகே தாம் உண்பது அவர் விரதம். சொத்தெல்லாம் அதிலேயே கரைந்த பின், சூதாடிப் பொருள் ஈட்டி, குடந்தை வரை சென்று அன்னமிட்டார் என்று பெரிய புராணம் கூறுகிறது. சூதாட்டத்தை நாம் சிபாரிசு செய்யவில்லை. நமது கடைக்காரரும் அந்த மார்க்கத்தில் இறங்கியவரல்லர். காசு வாங்கிக்கொண்டுதான் காப்பி தருகிறார். ஆயினும், முன்பின் அறியாதவர்களை அருகருகே அமர்த்தும் காரியம் அவர் கடை வாசலில் தினந்தோறும் நடக்கிறது.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் நாம் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு பாய்லர், பித்தளை ஃபில்டர், கண்ணாடித் தம்ளர்கள், வாசலில் ஒரு நீண்ட மரப் பெஞ்சி, இவ்வளவுதான் கடை. மாணவர்கள் நால்வர் வந்தார்கள். இரண்டு காப்பி வாங்கி நான்காகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பேச்செல்லாம் பரீட்சையில் கோட்டை விட்டதைப் பற்றித்தான். அவர்களில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவனே என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதே அவன் கவலை.

பெஞ்சியின் கோடியில் மஞ்சள் புடவை உடுத்திய பாட்டி ஒருவர், காப்பியை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை பாடம் நின்னுபோச்சு தம்பி?"

"ரெண்டு, பாட்டி."

"ரெண்டுதானே! என் பேரன் ஆறு வச்சிருந்தான். இப்போ ஸ்ரீபெரும்புதூர்லே கம்பெனிக்குப் போறான். நீ முதல்லே அப்பாகிட்டே சொல்லு. வேறே யாராவது சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது."

பிறகு மடியிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து அவன் நெற்றியில் இட்டார். பையன் கூச்சத்துடன் தலை குனிந்து நின்றான். அவனுடைய பேராசிரியர்கள் எத்தனை புத்திமதி சொல்லியிருப்பார்களோ, நாம் அறியோம். அந்த யோசனை அவன் மனத்தில் தைத்தது என்பதை மட்டும் முகத்தில் கண்டோம்.

சற்று நேரத்தில் வட நாட்டுத் தொழிலாளி ஒருவர் வந்தார். தம்ளரை வாங்கியவர், பெஞ்சியில் இடமிருந்தும், விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றார். அதே பையன் நகர்ந்து இடம் விட்டு, பெஞ்சியைக் கையால் தட்டிக் காட்டினான். அவர் தயங்கினார், பிறகு வந்து நுனியில் உட்கார்ந்தார்.

அந்தத் தயக்கம் நமக்கு அந்நியமானதல்ல. தமிழ் நாட்டில் காப்பி ஹோட்டல்கள் பெருகிய காலத்தில், பிராமணர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியவை பல. ஆதி திராவிடர்களை உள்ளே விடாதவையும் பல. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இந்தப் பாகுபாடு 1941-இல்தான் ஒழிந்தது. கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஜாதி மத காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்ற விதி, 1950 ஜனவரி 26-இல் அமுலுக்கு வந்த அரசியலமைப்பின் 15-வது பிரிவில் இருக்கிறது. அதற்குப் பிறகும் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைத் தம்ளர் வழக்கம் நீடித்தது. அடியோடு தொலைந்துவிட்டதென்று இன்றும் சொல்வதற்கில்லை.

காந்தியடிகள் 1942-இல் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியபோது, தேநீர், காப்பி, கோக்கோ மூன்றுமே உடலுக்கு அவசியமில்லை என்றார். தமிழர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பெஞ்சியில் ஒரே விதத் தம்ளரில் குடிப்பதைப் பார்த்திருந்தால், பானத்தின் குற்றத்தை அவர் ஓரளவு மன்னித்திருப்பார் என்பது நம் அபிப்பிராயம்.

கடைக்காரருக்கு வேறு யோசனை இருக்கிறது. பெஞ்சியை எடுத்துவிட்டு, நின்று குடிக்கும் உயர மேஜைகள் போட்டால் கூட்டம் சீக்கிரம் நகருமாம்; வியாபாரமும் கூடுமாம். கணக்கு சரிதான். மேஜைகளைப் போட்டுக்கொண்டு பெஞ்சியையும் விட்டுவைக்கலாமே என்றோம். "இடம் எங்கே சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் அடுத்த தம்ளருக்கு டிகாக்ஷனை ஊற்றினார்.